கைடு போன பிறகு

நானும் அவளும் ஒரே நாளில்தான் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தோம். அடையாறில், மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்துக்குள் இருந்தது அது. கட்டடங்களுக்குள் சூடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. எங்கள் இருவருக்கும் அரசாங்க ஃபெல்லோஷிப் கிடைத்திருந்தது. எனக்கு அது ஒரு பெருமை, அவ்வளவுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் சொந்த வீடு. என் வருமானத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கோ அதுதான் சம்பளம். அது வராமல் போயிருந்தால் எம்.டெக். முடித்த கையோடு ஏதாவது கம்பெனியில் சேர்ந்திருப்பேன் என்று முதல் வாரமே சொன்னாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

அவளுடையது சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த குடும்பம். அவள் பள்ளியில் படிக்கும்போது அங்கிருந்த வீடுகளை அகற்றி, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். அவள் அப்பா அதற்குப் பிறகும் சைதாப்பேட்டை மார்க்கெட்டில்தான் மூட்டை தூக்கினார். காலையில் அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் கிளம்புவார்களாம். "படிக்கிறதுக்குக் கூடவா கவர்மெண்ட்ல சம்பளம் தர்றாங்க?" என்று அவர் வெகுநாள் நம்பாமலே இருந்தார் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் குடியிருப்பில் தன் வீடு இருந்த பிளாக்கைத்தான் அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், கைக்குள் அடங்குகிற சின்ன வெப்பமானிகளைச் சுவரில் பொருத்தினாள். கோடை முழுக்க எந்த மாடியில் எவ்வளவு சூடு, எந்த நேரத்தில் தணிகிறது என்று பார்த்தாள். நான் குளிரூட்டிய அறையில் சிமெண்ட் பலகைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் எங்கள் கைடுக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது. நல்ல மனிதர்தான், ஆனால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக அவரால் முடியாது. அவளை மட்டும் அழைத்தார். மீதி இருந்தது நானும், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த இரண்டு பேரும். இவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன்.

அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"என்னோட லேப் அந்த பிளாக்ல இருக்கு. அதை எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்றாள்.

வேறு கைடு அமையும்வரை நாங்களாகவே வேலையைத் தொடரலாம் என்று நிர்வாகம் சொன்னது. ஆனால் ஃபெல்லோஷிப் நீடிக்குமா என்பதை டெல்லியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழுதான் முடிவு செய்யும். என் வீட்டில், போதும் விட்டுவிடு, பேங்க் பரீட்சை எழுது என்றார்கள். நான் லேபுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

அவள்தான் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங், உன் ரிசல்ட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வா என்றாள். மீட்டிங்கை யார் நடத்துகிறார்கள் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

போனால், போர்டுக்கு முன்னால் அவளே நின்றிருந்தாள். எங்கள் மூன்று பேர் வேலையையும் பஸ்ஸில் வரும்போது உட்கார்ந்து படித்திருக்கிறாள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே கேட்டாள். நாங்கள் விளக்கிச் சொல்லும்போதுதான் எங்கள் ஓட்டைகள் எங்களுக்கே தெரிந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். அவளுடைய கருவி ஒரு மாதமாகத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தோம். மறுநாள் அவளை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போய், தேவையான பாகத்தை வாங்கி மாட்டிக் கொடுத்தாள் இவள். அப்படியே வாராவாரம் நடந்தது. நானும் ஒழுங்காக லேபுக்கு வர ஆரம்பித்தேன்.

குழு வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வைச் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தபோது, தன்னுடையதை முடித்துவிட்டு, எங்கள் நான்கு ஆய்வுகளும் எங்கே ஒன்றோடு ஒன்று சேர்கின்றன என்று காட்டினாள். என் சிமெண்ட் பலகை அவள் வீடுகளின் கூரையாகிவிட்டது. குழுவின் தலைவி, வயதான விஞ்ஞானி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்த மூணு பேருக்கும் நீங்கதான் கைடா?"

"இல்ல மேடம். யாராவது ஒருத்தர் மீட்டிங் போட வேண்டியிருந்தது."

யாருடைய ஃபெல்லோஷிப்பும் நிற்கவில்லை. எங்களுக்குச் சீக்கிரமே கைடு நியமிக்க வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது, அப்படியே நடந்தது.

ஆய்வு முடிந்து, வாய்மொழித் தேர்வான அவளுடைய வைவா நடந்த அன்று ஹால் நிறைந்திருந்தது. வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. ஆனால் வழக்கமாக வருகிறவர்கள் நாங்கள்தான். அன்று அவள் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவள்தான் வரச்சொல்லியிருந்தாள். தேர்வாளர் கேட்டு முடித்ததும், வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேல் மாடில சூடு ஜாஸ்தி கீதுன்னு அன்னிக்கி வீட்டாண்ட வந்து சொன்ன. நாங்க மேல் மாடிலதான் கீறோம். நாங்க இன்னா பண்றது?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. இதுதான் சரியான கேள்வி, பதில் சொல்லுங்கள் என்றார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள், அந்தப் பெண்ணைப் பார்த்து அவர்கள் பேச்சிலேயே சொன்னாள். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பிவிடுகிற வெள்ளைப் பூச்சு அடித்தால் எவ்வளவு குறையும், அது யார் செய்ய வேண்டிய வேலை, அதிகாரிகளிடம் அதைக் கேட்பதற்குத் தன் ஆய்வு எப்படி உதவும் என்று விளக்கினாள். தன் கையில் இல்லாதது எது என்பதையும் மறைக்கவில்லை. "நான் அளந்து குடுத்துட்டேன் க்கா. கேக்கறதுக்கு நீங்களும் வரணும், நானும் வரேன்."

முன்வரிசையில் அவள் அப்பா மார்க்கெட் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பட்டம் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். அவர் மட்டும் எழுந்து நின்று, தேர்வாளரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு இளம் விஞ்ஞானிகளுக்கான அரசு நிதியில் அவளுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் அமைந்தது. இப்போது அவளிடம் ஃபெல்லோஷிப்பில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் தி. நகரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கெட்டிக்கார மாணவி யாராவது மேலே படிக்கத் தயங்கினால் இவளிடம் அனுப்பிவைக்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் அவள் அளந்த பிளாக்குக்கு வெள்ளைப் பூச்சு வந்துவிட்டது. மற்ற பிளாக்குகளுக்கு இன்னும் வரவில்லை. போன வாரம் போன் செய்தபோது, அந்த வேலையாகத்தான் மேல் மாடிக்காரர்களோடு ஒரு அலுவலக வாசலில் நிற்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.