அக்காவுக்குப் பதில் இனி இவர்

என் அக்கா டிவி சீரியலில் நடித்தவள். சினிமாவிலும் நடித்தாள். ஆனால் எதிலும் அவள் குரல் இல்லை. வாய்தான் அவளுடையது, பேச்சு வேறு ஒருத்தியுடையது. உயிரோடு இருந்தவரை இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. செத்துப்போன பிறகு அவள் பேசிக் கேட்க ஆசைப்பட்டு டிவியைப் போட்டபோதுதான் அது உறைத்தது.

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கம். மாநில எல்லை பிரித்தபோது எங்கள் அப்பா, நைனா, சின்னப் பையன். திருத்தணி மெட்ராஸோடு போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். "ரெண்டு பக்கத்துக்காரனுக்கும் நம்ம வாயத் தொறந்தாதான் பிரச்சன" என்பார். அவர் ரேஷன் கடையில் நடப்பதைப் பார்த்துச் சொன்னது. அக்கா விஷயத்தில் அப்படியே நடந்தது.

சென்னையில் முதல் நாள் ஷூட்டிங்குக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். மாமியாருக்கு விஷம் வைக்கிற மருமகள் வேஷம். விஷம் கலந்த தட்டை வைத்துவிட்டு, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்க வேண்டும். விளக்குச் சூட்டிலும் பயத்திலும் அக்கா வீட்டுப் பேச்சில் கேட்டுவிட்டாள்.

"அத்த, துன்னீங்களா?"

டைரக்டர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "டேய், எல்லாம் வாங்கடா இங்க. எங்கே, இன்னொரு தடவை சொல்லும்மா." லைட் தூக்குகிறவர்கள், டீ கொடுக்கிறவர், மாமியாராக நடித்தவர், எல்லோரும் வந்து நின்றார்கள். அக்கா சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னாள். கூடவே அவளும் சிரித்தாள். வேலை வேண்டுமே.

"நீ முறைச்சா நல்லா இருக்கு. மூஞ்சி மட்டும் குடு, குரலுக்கு ஆள் போட்டுக்கறோம்" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து அந்த இடத்தில் அவளுக்குப் பேர் துன்னி. "துன்னி, ஷாட் ரெடி." பெற்றவர்கள் வைத்த பேரை அங்கே யாரும் கேட்டதே இல்லை.

பிறகு ஹைதராபாத்தில் ஒரு தெலுங்கு சீரியல் கிடைத்தது. தெலுங்கு எங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை, அங்கேயாவது பேசலாம் என்று சந்தோஷமாகப் போனாள். அங்கே "அரவ யாச" என்றார்கள். தமிழ் வாடை அடிக்கிறதாம். அங்கேயும் வேறு குரல். சினிமாவில் கொடுத்தது ஊமை வேஷம். "உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்மா" என்றாராம் அந்த டைரக்டர்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மா ஒருநாள், "டிவியில உன் குரல் வேற மாதிரி கீதேடி" என்று கேட்டபோது, "மிசின்ல ஏத்தினா அப்பிடித்தாம்மா மாறிப்பூடும்" என்று சொல்லிவிட்டாள். அம்மா நம்பினாள். மகள் குரலை மிஷின் மெருகு போட்டு அனுப்புகிறது என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொண்டாள்.

ஒருமுறை திருப்பதி மலைக்கு நடந்து போக அலிபிரியில் படி ஏறப் போகும்போது இரண்டு பெண்கள் அக்காவை மறித்தார்கள். வேலூர்ப் பக்கத்து ஆட்கள்.

"ஏய், மாமியாருக்கு விஷம் வெச்சவதான நீ? உனக்கெல்லாம் சாமி ஒண்ணுதான் கேடு."

"அது நடிப்புக்கா" என்றாள் அக்கா. "நானும் உங்கள மாதிரிதான், வேண்டுதலுக்கு வந்துகினு கீறேன்."

அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "ஐய, இது அவ இல்லடி. அவ பேச்சு எவ்ளோ நல்லா இருக்கும். இது ஏதோ கூலிக்காரப் பொண்ணு." திட்டக்கூட லாயக்கில்லாதவள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படி ஏறினாள்.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது யாருக்கும் தெரியவில்லை. மேக்கப்பில் மஞ்சள் மறைந்துவிட்டது. மூஞ்சி பளபளவென்று இருப்பதாக மேனேஜர் பாராட்டினாராம். ஷூட்டிங்கில் மயங்கி விழுந்தாள். கார் வைத்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரொம்ப நாள் இல்லை. கடைசியில் அவளுக்குப் பேச வரவில்லை, அதனால் கடைசி வார்த்தை என்று சொல்லவும் எதுவும் இல்லை.

காரியத்துக்கு முன்னாலேயே சென்னை சீரியலில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள். அக்காவின் பேரைப் போட்டு, இவருக்குப் பதில் இனி இவர் என்று எழுத்து ஓடியது. புதியவள் திரும்பி நின்று மாமியாரைப் பார்த்துப் பேசினாள். குரல் அதே குரல். டப்பிங் பேசுகிறவள் மாறவில்லை, முகம்தான் மாறியிருந்தது.

செத்த அன்று அழாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்த அம்மா, அந்தக் குரல் கேட்டதும் ஓவென்று அழுதாள். "மூஞ்ச மண்ணுல போட்டோம். குரல அவுங்க பத்தரமா வெச்சுக்கினு கீறாங்க பாருடி" என்று டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று முதல் சாயங்காலமானால் குளித்து, வேறு புடவை கட்டி, டிவி முன்னால் உட்காருவாள். அந்தக் குரல் யாரையாவது திட்டினாலும் "ஆமாண்டி கண்ணு" என்று பதில் சொல்வாள். என்னிடம் பேச்சே குறைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன்.

"அது அக்கா குரல் இல்லம்மா. எவளோ ஒருத்தி. சம்பளத்துக்குப் பேசறா. அக்கா பேச்சு கேவலமா கீதுன்னு அவள பேசவே வுடல."

அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப அவ எப்பிடிப் பேசுவா? நீ பேசிக் காட்டு."

"அம்மா, இன்னா பண்ணிக்கினு கீற" என்றேன், அக்கா மாதிரி.

"இது நீ."

மறுபடி முயற்சி செய்தேன். தொண்டையை இறக்கி, ஏற்றி, அவள் இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தேன். "இதுவும் நீதான்" என்றாள். "உன்னால முடியல இல்ல, இன்னாத்துக்கு இதையும் புடுங்கற?" எழுந்து டிவியைப் போட்டாள். சத்தத்தை ஏற்றினாள்.

எங்களிடம் அப்போது இருந்தது சாதாரண பட்டன் போன். யார் பேச்சையும் அதில் பிடித்து வைத்ததில்லை. அதனால் நான் வெளியே போய்க் கழனிப் பக்கம் நின்று அக்கா என்னைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். முகம் வருகிறது, வாய் அசைகிறது. கேட்பது அந்த டப்பிங்காரியின் குரல்.