துடக்கு வீட்டுக் குருவிகள்

எனக்கு வயது எழுபத்திநாலு. இந்தக் கையால் வளர்த்தெடுத்தது பிள்ளைகள் ஐந்து பேர், லவ்பேட்ஸ் குஞ்சுகள் நூற்றுக்கு மேலே. மூத்த பிள்ளைகள் கனடா, ஜெர்மனி என்று பறந்துவிட்டார்கள். மிஞ்சியது கடைசி மகள். அவளும் பேத்தியும் குருவிகளும் என்னோடு. பண்டத்தரிப்பில் குருவி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகுமுன் என் படலையைத்தான் தட்டுவார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கோணல்மாணலாய்த்தான் வரும். ஆனால் கூட்டு மண்முட்டிக்குள் இருப்பது முட்டையா குஞ்சா என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையெல்லாம் நாலே நாலு குஞ்சில் தொடங்கியது.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்பில் வேலை பார்த்தவர். ஒரு நாள் ரயில் கோச்சியில் வந்து இறங்கியவரின் கையில் ஒரு கம்பிக்கூடு. உள்ளே ஒரு சோடி, பச்சைப் பெட்டையும் நீலச் சேவலும். கிளியென்றால் கிளியும் இல்லை, குருவியென்றால் குருவியும் இல்லை.

"உனக்குத்தானடி கொண்டு வந்தனான்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "ஆனால் கூடு உன்ரை அக்காவின்ரை அறை யன்னலிலைதான் தொங்கவேணும். அங்கைதான் நல்ல வெளிச்சம்."

அது முழுப் பொய். அந்த யன்னலுக்கு முன்னால் பெரிய மாமரம், மத்தியானத்திலும் இருட்டு. மாமாவுக்குக் குருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முதல் பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெரிய வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "பிள்ளை சாமியிட்டைப் போயிட்டுது" என்று அம்மா எனக்கு ஒரேயொரு தரம் சொன்னாள். நாங்களும் கீரிமலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வருகிறவர்கள்தானே. பிள்ளையும் அப்படி வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்கா ஒருவரோடும் கதைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அத்தான் வந்தால் அவருக்கும் முதுகுதான். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற முறைப்படி அம்மா மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பாள். போன கோப்பை போனபடியே குசினிக்குத் திரும்பி வரும். "இவள் இப்பிடியே போயிடுவாளோ" என்று அம்மா அடுப்போடு கதைப்பது எனக்குக் கேட்கும்.

குருவி முட்டையிடுவதற்கு மாமா மண்முட்டி தேடினார். பக்கத்தில் ஆணியால் துளை போடப்போய் முதல் இரண்டும் உடைந்தன. மூன்றாவது அம்மாவின் தயிர்முட்டி. அதில் துளையும் ஒழுங்காய் விழுந்தது, மாமாவுக்கு ஏச்சும் ஒழுங்காய் விழுந்தது. பச்சைப் பெட்டை அதற்குள் நுழைந்து நாலு முட்டை இட்டு அடைகிடந்தது. நீலச் சேவல் துளைக்கு வெளியே நின்று வாயோடு வாய்வைத்து அதற்குத் தீன் கொடுத்தது. குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்கவில்லை. ஒன்று பொரித்து, இடைவெளி விட்டு அடுத்தது. கடைசிக் குஞ்சு வெளியே வந்தபோது முதல் குஞ்சு அதைப்போல மூன்று மடங்கு இருந்தது.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்வீட்டில் பார்த்திருக்கிறேன். தாய்க்குச் சரக்கு. வீட்டுக்குத் துடக்கு என்கிற தீட்டு. முப்பத்தொரு நாள் அந்த வீட்டாருக்குக் கோயில் இல்லை.

அதனால் அக்காவின் கோப்பையிலிருந்து சரக்குக் கறியைக் கிள்ளித் தினையோடு குழைத்துப் பச்சைப் பெட்டைக்கு வைத்தேன். அது கோப்பையைக் காலால் தட்டிக் கொட்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் குரலிலேயே அதை அதட்டினேன்: "பிள்ளை பெத்தவள் சரக்குத் தின்னாட்டில் பால் எப்பிடியடி ஊறும்?"

கட்டிலில் கிடந்த அக்கா சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இலையான் மொய்க்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை எங்களைப் பெற்ற ஐயாவின் தமக்கை, புத்தூர் மாமி, கீரிமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்க வந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு. நான் ஓடிப்போய்ப் படலையை மறித்தேன்.

"உள்ளை வராதையுங்கோ மாமி! எங்கடை வீட்டிலை துடக்கு. பிள்ளை பிறந்திருக்கு!"

மாமியின் வாய் திறந்தபடி நின்றது. "என்னடி சொல்லுறாய் விசர்ப்பெட்டை?"

அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து பாய்ந்து வந்தாள். அந்த அகப்பை என் முதுகில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. யன்னலுக்குள்ளே ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். பிறகு குரல்.

"அவள் சொல்லுறது சரி மாமி. நாலு பிள்ளையள். தாய் பச்சை, தேப்பன் நீலம்."

ஆஸ்பத்திரியால் வந்தபின் அக்கா வாய் திறந்தது அன்றுதான். அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டு முற்றத்து மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள். மாமி மெல்லக் கேட்டார்: "அப்ப எப்பவடி பிள்ளை, துடக்குக் கழிவு?"

"கடைசிக் குஞ்சின்ரை நாளிலை இருந்து எண்ணுங்கோ. முப்பத்தொண்டு" என்றாள் அக்கா.

ஆனால் அந்தக் கடைசிக் குஞ்சுதான் எங்களைப் படுத்தியது. மூத்தது மூன்றும் அதை மிதித்துக்கொண்டு தாயின் வாயைப் பிடித்துவிடும். குஞ்சின் தோல் கண்ணாடி மாதிரி. வயிறு நிறைந்தால் கழுத்தடி இரைப்பையில் தினை தெரியும். மற்றவற்றுக்குக் கழுத்து உருண்டிருக்க, இதற்குச் சுருங்கிக் கிடந்தது. ஒரு காலை நான் எடுத்துப் பார்த்தபோது குளிர்ந்திருந்தது. "அக்கா, இதுவும் சாமியிட்டைப் போகப்போகுது" என்றேன்.

அக்கா கட்டிலை விட்டு எழுந்தாள். "போக விடமாட்டன்" என்றாள்.

தன் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய வேட்டித் துண்டு, நாலு பக்கமும் சின்னத் தையல் போட்டது. குஞ்சை அதில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சூடு வந்தபின் தினைக் கஞ்சியை வடித்து, பூவரசம் இலையைச் சுருட்டிச் சொட்டுச் சொட்டாய் ஊட்டினாள். கழுத்து உருண்டதும் முட்டிக்குள் விடுவாள், சுருங்கினால் திரும்ப எடுப்பாள். பகல் முழுக்க இதே வேலை.

அம்மா வாசலில் நின்று துணியைப் பார்த்தாள். "அதை ஏன் பிள்ளை எடுத்தனி?"

"சும்மா கிடக்கிறதுக்கு இது சுத்தட்டும் அம்மா."

நல்ல துணி வீணாகிறதென்று அம்மாவுக்குக் கவலை என்று நினைத்தேன். குஞ்சுக்கு ஊட்டி முடித்துவிட்டு அக்கா சரக்குக் கறியும் சோறும் கேட்டாள். அம்மா ஓடிவந்த அவசரத்தில் கறியைச் சிந்தினாள்.

முப்பத்தொன்று வந்தது. அம்மா வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அக்கா கிணற்றடியில் தலைமுழுகிப் புதுச்சீலை உடுத்து வந்தாள். மாமா மறுபடி வந்திருந்தார். "எல்லாம் சரி, உதுகளுக்கு மொட்டை அடிக்கிறேல்லையோ?" என்று கேட்டு, அக்காவிடம் குட்டு வாங்கினார். மூத்த குஞ்சுகள் கூட்டுக்குள் பறந்து திரிந்தன. அன்று பின்னேரம் கடைசிக் குஞ்சும் முட்டித் துளையில் தலையை நீட்டி, யோசித்து, பொத்தென்று கீழே விழுந்து எழும்பியது. நான்தான் வளர்த்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதற்குப் பிறகு அத்தான் வந்து அக்காவைக் கூட்டிப்போனார். போகும்போது அக்கா அந்தக் கடைசிக் குஞ்சைக் கேட்டாள். அது என்னுடைய குஞ்சு! மண்ணில் உருண்டு அழுதேன். ஊர் நியாயம் பேசுகிற அம்மா அன்று என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. "உனக்கு மூண்டு இருக்குத்தானேடி" என்றார் மாமா. குஞ்சைக் கொடுத்தும் அந்த வெள்ளைத் துணியை எனக்கு விட்டுப்போகவில்லை என்று அக்காவோடு கனநாள் கோபமாய் இருந்தேன்.

எங்கள் ஊரில் பிறப்புக்கும் முப்பத்தொன்று, செத்தவீட்டுக்கும் முப்பத்தொன்று. அக்கா எதற்காகத் தலைமுழுகினாள் என்று எனக்கு அப்போது தெரியாது. என் மூத்தவன் பிறக்குமுன், பழைய வேட்டியைக் கிழித்து நாலு பக்கமும் தையல் போடும்போதுதான் என் கை நின்றது.

அக்காவுக்கு அதற்குப் பிறகு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது அவளுக்கு வயது எண்பத்தாறு, என்னோடுதான் இருக்கிறாள், உள்ளறையில். காது இன்னும் நல்ல கூர்மை. உலகத்தில் உள்ளதெல்லாம் கதைத்துவிட்டோம், அந்தத் துணியைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை.

இந்தா பேத்தி, எழுதி முடித்துவிட்டேன். கதவைச் சாத்திப்போட்டு இதில் இரு. முதலில் எனக்கு மட்டும் மெல்ல வாசி. பிறகு உள்ளே போய் அவளுக்கும் வாசிக்கலாமோ என்று பார்ப்போம்.