எது குடல், எது குழந்தை

முதலில் பழைய குழம்பைத்தான் சந்தேகப்பட்டேன். சூடு பண்ணிச் சாப்பிட்டதன் வினை என்று. மறுநாளும் பாத்ரூமை விட்டு வெளியே வர முடியவில்லை. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அமெரிக்காவில், இர்விங்கில் மாடி அபார்ட்மென்ட்.

ஈரோட்டிலிருந்து அம்மா வீடியோவில் தைரியம் சொன்னாள். "மாசமா இருக்கறப்ப இதெல்லாம் இருக்கறதுதான் கண்ணு. தயிரக் கரைச்சுக் குடி, நின்னுரும்."

குடித்தேன். தயிரும் சேர்ந்து போனது.

கர்ப்பத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு உங்களுக்கு இப்படி ஆனால், தயவுசெய்து தயிரை நம்பிக் காத்திருக்காதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். எனக்கு வந்தது சி-டிஃப் (குடலின் நல்ல பாக்டீரியா குறையும்போது பெருகிப் புண்ணாக்கும் கிருமி). சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் குடலில் நல்லதையும் அழித்துவிட்டது. இதற்கும் மருந்து இன்னொரு ஆன்டிபயாடிக்தானாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"குழந்தை அசைவது தெரிகிறதா?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

உள்ளே எந்நேரமும் புரட்டலும் பிடிப்பும். அதில் குழந்தையை எங்கே தேடுவது? நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பதால் அசைவு தாமதமாகத் தெரியலாம், இதயம் நன்றாகத்தான் துடிக்கிறது என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தக் கிருமிக்குச் சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவித்தான் போக்க வேண்டும். அதனால் படுக்கையறையும் அதன் பாத்ரூமும் எனக்கு மட்டும். கணவர் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஜன்னலில் ஃப்ரீவே தெரியும். காலையில் ஒரு பக்கம் கார்கள் நெருக்கும், மாலையில் மறுபக்கம். அதுதான் எனக்குப் பொழுது.

மூன்று வயது மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "அம்மா, ஆர் யூ இன் டைம்-அவுட்?" தப்புப் பண்ணினால் அவளைத் தனியாக உட்கார வைக்கும் தண்டனை அது.

"ஆமாடி தங்கம்."

"வாட் டிட் யூ டூ?"

என்னத்தைச் செய்தேன்? கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் முழுங்கினேன்.

மருந்து முடிந்தது, பேதியும் நின்றது. ஆனால் திரும்ப வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கதவு திறந்த பிறகும் என்னால் கடைக்குக்கூடப் போக முடியவில்லை. உள்ளே லேசாக ஏதாவது புரண்டாலும் பாத்ரூமுக்கு ஓடிவிடுவேன்.

ஒரு மத்தியானம் மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் சட்டென்று ஏதோ துள்ளியது. தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் துள்ளியது. வலியே இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். உள்ளிருந்து கையில் இடித்தது.

எத்தனை நாளாக இது கூப்பிட, நான் பயந்து ஓடிக்கொண்டிருந்தேனோ!

வெளியே மகள் சாதம் கேட்டுக் கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.