சொட்டுக் கொய்யா

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. இன்றைக்கு மூன்று இடத்தில் எனக்கு நாற்றுப் பண்ணை இருக்கிறது. எவன் தயவிலும் வந்ததில்லை. ஆனால் ஒட்டுக் கட்டும் வேலை மட்டும் என் கைக்குப் படியவில்லை. அது என் மச்சானுக்குப் படிந்தது. என் வீட்டுக்காரியின் தம்பி. எல்லாரும் அவனை ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பேருக்குக் காரணம் அவன் கத்தி. பழைய இரும்பு. எண்ணெய் தடவாமல் ஈரம் பட்டால் சாயங்காலத்துக்குள் செம்புள்ளி விழுந்துவிடும்.

“துருப்பிடிக்காத சில்வர் கத்தி வாங்கித் தர்றேன்டா” என்றேன்.

“அது பளபளன்னு இருக்கும் மாமா, உங்க பேச்சு மாதிரி. உள்ளே இறங்காது.”

என்னிடம் இப்படிப் பேசிவிட்டு வேலையிலும் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

தோட்டம் தோட்டமாகப் போகிறவன் எண்ணெய்ப் புட்டி வைத்துக்கொள்ள மாட்டான். ஒருமுறை பையில் ஒழுகிச் சட்டை நாசமாகி, அக்காக்காரி துவைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் “ஒரு சொட்டு இருக்கா?” என்று கேட்பான். தையல் மெஷின் வைத்திருப்பவளிடம் கேட்பான், டிபன் பாக்ஸ் திறந்தவனிடம் மூடியை நீட்டச் சொல்வான். யாரும் இல்லாவிட்டால் வேர்க்கடலையைத் துணியில் நசுக்கித் தேய்ப்பான். அதுவும் இல்லையா, கத்தியைத் தன் தலைமுடியில் இரண்டு இழுப்பு.

“வழுக்கை விழுந்தா என்னடா பண்ணுவே?”

“மாமா தலை எதுக்கு இருக்கு?”

ஆனால் செடியில் கத்தி வைக்குமுன் சாம்பல் போட்டுத் துடைத்துவிடுவான். எண்ணெய் பட்ட வெட்டு ஒட்டாது. “ரெண்டு செடிக்கு நடுவுல மூணாவது ஆள் நுழையக் கூடாது” என்பான்.

பஸ் டெப்போ மதில் ஓரம் ஒரு கொய்யா மரம் தானாக முளைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது அவன்தான். பழம் கைக்கடக்கம், விதை பேருக்குத்தான், தித்திப்போ சொல்லி மாளாது. இதை ஒட்டுக் கட்டிப் பெருக்கி அவன் பேரிலேயே விற்பது என்று முடிவு செய்தோம். நான் எதையும் தள்ளிப் போடுகிற ஆள் இல்லை. ‘சொட்டுக் கொய்யா’ என்று தகரப் பலகையே எழுதிவிட்டேன். பலகையைத் தடவிப் பார்த்து, “ரேஷன் கார்டுக்கு அப்புறம் என் பேர் இதுலதான் மாமா” என்றான்.

கிளை முற்றக் காத்திருந்தோம். அதற்குள் டெப்போவில் ஷெட் கட்ட மரத்தை வெட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. ஓடினான். விடாத மழை. உச்சியில் ஏறிக் குச்சி வெட்டுகிறான், கத்தியில் தடவிய எண்ணெயை மழை கழுவிக்கொண்டே போகிறது. இறங்கி வந்து டெப்போ மெக்கானிக்கிடம் வழக்கம்போலக் கேட்டான்.

“சொட்டு என்னய்யா, ஒரு உருண்டையே எடுத்துக்க” என்று அவர் கிரீஸை அள்ளிக் கொடுத்தார். நல்ல மனுஷர். கத்தியில் தடவியதும் மழைக்கு அது கெட்டியாக நின்றது.

குச்சிகளோடு தெப்பலாகப் பண்ணைக்கு வந்தான். அவன் சாம்பல் டப்பாவில் தண்ணீர் இறங்கிக் களியாகிக் கிடந்தது.

“டேய், ஈரச் சாக்குல சுத்தி வெச்சிட்டு நாளைக்குக் கட்டேன். உடம்பு நடுங்குது பாரு” என்றாள் அக்கா.

“மரமே போயிடுச்சுக்கா. குச்சி வாடினா வேற எங்கே போவேன்?”

அந்தக் களியிலேயே தேய்த்து, வேட்டி நுனியில் துடைத்து, உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி முடித்தான். தலையெண்ணெய் என்றால் அதற்கே போயிருக்கும். கிரீஸ் போகுமா?

துளிர் பருத்தது. நான் சும்மா இருப்பேனா, பலகையை வாசலிலேயே மாட்டிவிட்டேன். குச்சியிலிருந்த சொந்தச் சத்தில் வந்த துளிர் அது. பிறகு ஒவ்வொன்றாகக் கருகி உதிர்ந்தது. ஒரு ஒட்டின் கட்டைப் பிரித்தான். வெட்டு வாயில் மை தீட்டினாற்போலக் கறுப்புக் கோடு. அடுத்ததிலும் அதேதான். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

“கத்தியைக் காப்பாத்திட்டேன் மாமா” என்றான்.

டெப்போவுக்குப் போய்ப் பார்த்தோம். வேரையும் தோண்டிவிட்டு சிமென்ட் பூசியிருந்தார்கள்.

அதன் பிறகும் அவன் வேலை செய்தான், கட்டிய ஒட்டு எதுவும் பொய்க்கவில்லை. ஆனால் யாரிடமும் சொட்டுக் கேட்கவில்லை. துரு ஏற ஏறக் கல்லில் தேய்த்தான். கத்தி ஈர்க்குச்சியாக இளைத்தது. ஒரு காய்ச்சலில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

பலகையை நான் கழற்றவில்லை. வாசலில் படித்துவிட்டு, “அந்தக் கொய்யா ஒண்ணு குடுங்க” என்று கேட்கிறார்கள். எந்தச் செடியையும் வாங்க வைக்கிற வாய் என்னுடையது. அப்போது மட்டும், “தீர்ந்துபோச்சு” என்கிறேன்.