நான் கட்டிய தார்ப்பாய்

என் பெயர் எஸ்தர். எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறேன். சபையில் சாட்சி சொல்பவர்கள் சாந்தமாகச் சொல்வார்கள். எனக்கு அது வராது. ஒரு கம்பெனி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி நோய். கதவு திறந்திருந்தால் நடந்துவிடுவார், திரும்பி வர வழி தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு வாட்ச் வாங்கி அவர் கையில் கட்டிவிட்டான். அவர் எங்கே நின்றாலும் என் போனில் ஒரு புள்ளியாகத் தெரிவார். உலகத்திலேயே பெரிய கம்பெனி, இனி கவலையே இல்லை என்றான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

பக்கத்து வீட்டு கிரேஸ் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கட்டும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன குழம்பு, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். என் கணவர் ஒருநாள் வேட்டியில்லாமல் வாசலில் நின்றதைத் தெருவுக்கே சொன்னாள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இடைச்சுவர் நெடுக நீலத் தார்ப்பாய் கட்டினேன். போனில் புள்ளி இருக்கும்போது மனுஷர் எதற்கு என்ற திமிர் எனக்கு.

போன ஆடியில், காவிரியில் தண்ணீர் வந்திருந்த சமயம், அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது என்று இரண்டு நாளாக டிவியில் சொன்னார்கள். பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அவரைக் காணோம். போனைப் பார்த்தேன். புள்ளியும் இல்லை, ஊரும் இல்லை. சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரே வரி. மகனைக் கூப்பிட நம்பர்கூட இல்லை, எல்லா நம்பரையும் அந்தப் பாவிகளுடைய ஆப்பில்தான் போட்டு வைத்திருந்தேன். ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

தெருத்தெருவாக ஓடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படித் தரையில் விழுந்தேன். ஆண்டவரே, அவரைக் காட்டும், யார் மூலமாவது காட்டும் என்று கத்தினேன். கிரேஸ் மூலமாக வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

வாசலில் அவள் நின்றாள்.

"அண்ணன் ஸ்ரீரங்கம் பஸ்ல ஏறினாருக்கா. நான் கத்திக் கூப்பிட்டேன், அதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்."

நீ எப்படிப் பார்த்தாய் என்று சீறினேன். அந்த நேரத்திலும் சீறினேன்.

"நீங்கதான் தார்ப்பாய் கட்டிட்டீங்களே. அதான் தினம் மாடிக்குப் போயி பாக்குறேன். முன்னாடி கீழேயிருந்து உங்க கேட்டு மட்டும்தான் தெரியும். மாடியிலேருந்து பஸ் ஸ்டாப்பே தெரியுது."

வெறுப்பில் நான் கட்டியதை வைத்தே ஆண்டவர் அவளை மேலே ஏற்றியிருக்கிறார்.

இருவரும் ஆட்டோ பிடித்தோம். என் கணவருடைய அக்கா முன்பு காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார், அதனால் நேரே அங்கே போனோம். படித்துறையில் என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். செத்துப்போன வாட்ச் கையிலேயே இருந்தது. அடுத்த படியில் கால் வைப்பதற்குள் நான் ஒரு கையையும் கிரேஸ் ஒரு கையையும் பிடித்தோம். வேலைக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிரேஸும் அழுதாள்.

அந்த வாட்சைக் குப்பையில் போட்டேன். தார்ப்பாயை அன்று சாயங்காலமே அவிழ்த்தேன். இப்போது தினமும் காலையில் நானே அவர் கையைப் பிடித்து நடக்கிறேன். எனக்கு முடியாத நாளில் கிரேஸ் நடக்கிறாள். அவள் வாய் இன்னும் அடங்கவில்லை, எனக்கும் அவளை முழுசாகப் பிடித்துவிடவில்லை. ஆனாலும் ஜெபத்தில் அவள் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.

நீங்களும் ஆண்டவரையே நம்புங்கள். அவர் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவர் இல்லை. யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

தார்ப்பாய் இல்லையே, இனி கீழேயிருந்தே பார்க்கலாமே என்று கிரேஸிடம் சொன்னேன். மாட்டாளாம். மாடியிலிருந்துதான் பஸ் தெரிகிறதாம்.