கூப்பிடாத பஞ்சமம்

போன வாரம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போனேன். புதுப் பேருந்து, இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. உட்கார்ந்த சற்று நேரத்தில் என் கைகள் இரண்டும் என்னைக் கேட்காமலேயே முன் இருக்கையின் முதுகுக்குப் போய்விட்டன. அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. முழுக்க வழவழவென்று பிளாஸ்டிக். இரண்டு கையிலும் மும்மூன்று விரலால் தட்டிப் பார்த்தேன், சத்தமே எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், “இன்னாம்மா, எதுனா வுழுந்துடுச்சா?” என்று கேட்டபடி குனிந்து எனக்காகத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் விழவில்லை என்று அவரை நிமிர வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

முன்பெல்லாம் ஒவ்வொரு இருக்கையின் பின்னாலும் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி இருக்கும். எத்தனையோ உள்ளங்கைகள் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்து பளபளவென்று தேய்ந்திருக்கும். கையை மோந்து பார்த்தால் இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை வரும். உங்களிடம் சொல்வதற்கென்ன, சாக்ஸபோனில் நான் பாதி படித்தது அந்தக் கம்பியில்தான்.

சாக்ஸபோன் என்றதும் சின்ன வயதிலிருந்தே அதைக் கனவு கண்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரத்தில் இருந்த பல்கலைக்கழக இசைத்துறைக்கு நான் போனது வாய்ப்பாட்டுக்கு. வரிசையில் என் முறை வந்தபோது, “வாய்ப்பாட்டு ஃபுல்லாயிடுச்சும்மா. சாக்ஸபோன் காலியா இருக்கு, எழுதிக்கட்டுமா?” என்றார் குமாஸ்தா. வந்த பேருந்துக் கட்டணம் வீணாக வேண்டாமே என்று தலையாட்டினேன். ஒலக்கூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கல்யாணத்துல வளைச்சி வளைச்சி ஊதுவாங்களே, அதுவா? பொம்பளப் புள்ளைக்கு மூச்சு தாங்குமா?” என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

வாத்தியம் துறைக்குச் சொந்தம். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும், பிறகு பீரோவுக்குள் போய்விடும். எனக்கென்று சொந்தமாக இருந்தது ரீடு மட்டும். ரீடு என்பது நாணலைச் சீவிய ஒரு சின்னத் தகடு, வாத்தியத்தின் வாயில் வைத்துக் கட்டுவது. அது நன்றாக நனைந்தால்தான் பேசும், காய்ந்திருந்தால் கீச்சிடும். துறைக்குப் போய் நனைத்துக்கொண்டிருந்தால் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் போய்விடும். அதனால் பேருந்தில் ஏறியதும் ரீடை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வேன். காய்ந்த கரும்புச் சோகையைக் கடித்த மாதிரி ஒரு ருசி. இத்தனை நேரம் நனைத்தால் ரீடு ஊறிக் கெட்டுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவ்வளவு ஆர்வக்கோளாறு.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். ஸ, ரி, க, ம. குழந்தைகூடப் பாடும். என் கதையோ அந்த நாலாவது ஸ்வரத்திலேயே முடிந்துவிடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சுருதியில், ‘க’ என்ற காந்தாரத்துக்கு எல்லா விரலும் தூக்கியிருக்க வேண்டும். அடுத்த ‘ம’ என்ற மத்தியமத்துக்கு இரண்டு கையிலும் ஆறு விரல், ஒரே நேரத்தில் விழ வேண்டும். எனக்கு ஐந்து விரல் விழும். வலது கை மோதிர விரல் மட்டும் பின்னாலேயே மெதுவாக வரும். அது வந்து சேர்வதற்குள் ‘ப’ என்ற பஞ்சமம் ஒன்று நடுவில் தலைகாட்டிவிட்டுப் போகும். ஸ, ரி, க, ப், ம. மெதுவான முதல் காலத்தில் சமாளித்துவிடுவேன். நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் எனக்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கும்.

எங்கள் சார் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நடுவுல யாரும்மா அந்தப் பஞ்சமம்? நான் கூப்புடலையே?” என்பார். வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். வருடக் கடைசி நெருங்கிய ஒரு நாள் அவர் சிரிக்கவில்லை. “மூணாங்காலம் சுத்தமா வரலன்னா செய்முறைத் தேர்வுல தேற மாட்டே. இப்பவே ஆர்மோனியத்துக்கு மாறிக்கிறியா, யோசி” என்றார். அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாவெறுப்பாக எடுத்த வாத்தியம்தான். ஆனால் அதன் கனம் கழுத்து வாரில் தொங்கும்போது என் உடம்பில் ஒன்று கூடுதலாக முளைத்த மாதிரி ஆகியிருந்தது. அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றதும்தான் அதன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்தது.

வாத்தியம் இல்லாத நேரமெல்லாம் விரல் பழகினேன். சாப்பாட்டுத் தட்டில், மல்லாட்டை மூட்டையில், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேருந்துக் கம்பியில். மோதிர விரலில் ஒரு செம்பு மோதிரம் போட்டிருந்தேன். ஐந்து விரலும் டப் என்று விழும், பிறகு மோதிரம் டிங் என்னும். டப், டிங். டப், டிங். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை இதுதான்.

நான் தினமும் ஏறும் பேருந்தின் நடத்துனருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி, காதோரம் நரை. ஒரு நாள் அவர் ஏதோ கேட்க, என் வாயில் ரீடு. பாஸைக் காட்டித் தலையாட்டினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பக்கத்து இருக்கைக்காரரிடம், “கொஞ்சம் நவுந்து குந்துங்க. அந்தப் பொண்ணுக்குப் பேச வராது” என்று அவர் சொன்னதைக் கேட்டு விக்கித்துப் போனேன். ரீடை எடுத்துவிட்டு உண்மையைச் சொல்வதற்குள் அவர் முன்படிக்குப் போய்விட்டார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனதும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் போனதும் பயமாகவே ஆகிவிட்டது. அதற்குள் அவருடைய இருக்கைக்கு முன் இருக்கை எனக்கென்று ஒதுங்கிவிட்டது. சில சமயம் கையால் ஏதோ ஜாடையாகக் கேட்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து வெகுநேரம் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். வெயில், வியர்வை, யாரோ உரித்த ஆரஞ்சுப் பழ வாசனை. நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க ஆர்மோனியம். பின்னாலிருந்து நடத்துனர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று கம்பியையே பார்த்தார். பிறகு என்னிடம் சொல்வதுபோலவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலவும் பேசினார்.

“எங்க தங்கச்சிக்கும் பேச வராது. கையாலதான் பேசும். உன் வெரலு இன்னா சொல்லுதுன்னு நானும் இத்தினி நாளா பாத்துக்கினே வர்றேன், ஒண்ணும் பிரியல. ஆனா ஒண்ணு கண்டுக்கினேன். எல்லா வெரலும் சேந்து வுழுற எடத்துல ஒண்ணு மட்டும் லேட்டா வரும். டெய்லி வரும். இன்னிக்கு வரலியே, இன்னாம்மா?”

ரீடைக் கையில் எடுத்தேன். “வரலியாண்ணா? நெஜமாவா?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் எச்சில் ரீடை நீட்டி, சாக்ஸபோன், தேர்வு, மோதிர விரல் என்று கண்டபடி உளறினேன். அழுகை வேறு வந்துவிட்டது. அவர் ரீடை உற்றுப் பார்த்தார். பிறகு, “பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கியே. சாப்ட்டியான்னு கேட்டாலும் ஆமான்ற, அழுவுறியான்னு கேட்டாலும் ஆமான்ற. தங்கச்சிகிட்ட உன்னப் பத்தி எவ்ளோ சொல்லிக்கினு இருந்தேன் தெரியுமா?” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து கம்பியில் காதை வைத்துவிட்டார்.

“ஜல்தி தட்டு. வண்டி எடுத்துடுவான்.”

தட்டினேன். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். ஒவ்வொரு முறை மத்தியமம் வரும்போதும் அவர் ஒரு விரலை உயர்த்தினார். “ஒண்ணு. ஒண்ணு. ஒரே சத்தந்தான்.” அந்த ஒல்லி மனிதரின் காது கம்பியில் ஒட்டியிருந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. என் விரலைத் திருத்தப் பல்கலைக்கழகமே படாத பாடு பட்டது. ஸரிகம தெரியாத ஒருவர், அதை ஏதோ ஒரு பேச்சு என்று நம்பி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அதைவிட மலைப்பு, அன்று நான் புதிதாக ஒன்றுமே செய்யவில்லை. விரல் எப்போது கற்றுக்கொண்டது, எந்த ஊர் தாண்டும்போது, எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று துறைக்குப் போனதும் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டினேன். மூன்றாம் காலம் வாசித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. “இன்னொரு தபா வாசி” என்றார். வாசித்தேன். “அந்தப் பஞ்சமம் போயிடுச்சேம்மா” என்று எழுந்தே நின்றுவிட்டார். பத்து நாள் கழித்துத் தேர்விலும் அது வரவில்லை.

தேர்ச்சி பெற்றதைச் சொல்ல நடத்துனரைத் தேடினேன். அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். “அவருக்கு வேற ரூட்டு போட்டுட்டாங்க” என்றார் புதியவர். எந்த ரூட்டு என்று அவருக்குத் தெரியவில்லை. பெயரை நான் கேட்டதே இல்லை. பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் பத்து நாளில் எவ்வளவு பேசிவிடப்போகிறாள்? வேலை முடிந்தபின் ஒரு நாள் துறைக்கு வந்து கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். வரவில்லை. நான் ஊதி அவர் ஒரு ஸ்வரம்கூடக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். மூச்சைப் பாராட்டுகிறார்கள், வேகத்தைப் பாராட்டுகிறார்கள். காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு நான் போவதை யாரும் பாராட்டியதில்லை. கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. சில நாள் தனியாக இருக்கும்போது அந்தப் பழைய பஞ்சமத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பேன். மோதிர விரலைப் பின்னுக்குப் பிடித்து வைத்துவிட்டு ஊதுவேன். வராது, அது மற்ற ஐந்தோடும் சேர்ந்தே விழுந்துவிடும். என்னைவிட்டு அப்படி அடியோடு போன ஒன்று, போனது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. அவர் சொல்லித்தான் தெரியும்.