ஏழாவது கல்

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் வரிசையாக ஆறு கல் நட்டிருக்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் குண்டுபோடும் விமானம் ஒன்று அந்த மலையில் மோதி விழுந்ததாம். விறகுக்குப் போனவர்கள் ஆறு வெள்ளைக்காரப் பையன்களின் உடலைக் கண்டு, அங்கேயே புதைத்துக் கல் வைத்திருக்கிறார்கள். அற்பாயுசில் போனவர்களைச் சும்மா விட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆறு இலை போட்டு, கோழிக்குழம்பு, பன், ஆளுக்கொரு சிகரெட் என்று படையல். நடத்துவது என் மனைவியின் அண்ணன்.

நான் பக்திக்காகப் போனவன் இல்லை, குழம்புக்காகப் போனவன். எண்பதுகளில், கல்யாணமான புதிது. மில்லில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கிறவனுக்கு உட்காருவதுதான் சாமி. ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து வரிசையின் கடைசியில் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் நான் போய்ச் சேருவதற்குள் மச்சான் அதற்கும் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துவிட்டார்.

“மச்சான், அது என் நாற்காலி.”

“பொட்டு வச்சாச்சு மாப்ள. இனிமே அவரும் சாமிதான்.”

அன்றிலிருந்து ஏழு இலை. ஏழாவது என் நாற்காலியின் பங்கு என்பதால், படைத்து முடிந்ததும் அதன்மேல் உட்காருவது போல நடித்துக் காட்டிவிட்டு நானே சாப்பிடுவேன், சிகரெட் உட்பட. எல்லோரும் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பது நான்தான்.

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அந்த இடத்தைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் வந்து தங்கினார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று லாட்ஜ்காரர் எனக்கு ஆள் விட்டார். என் இங்கிலீஷ் மில் மெஷின் புஸ்தகத்தில் படித்தது. மெஷினுக்கு எண்ணெய் போடத்தான் காணும். மச்சானையும் ஏற்றிக்கொண்டு காரில் போகும்போது பெரியவர் மெதுவாகச் சொன்னார். விமானத்தில் போனது ஏழு பேர். ஆறு உடல் கிடைத்ததாக அப்போதே வீட்டுக்குக் காகிதம் வந்தது. கிடைக்காதது அவருடைய அண்ணன்.

நான் பால்கோவாப் பொட்டலத்தை நீட்டினேன்.

போய் இறங்கியதும் அவர் கல்லை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஏழாவதின் மேல் கையை வைத்துக்கொண்டு, பிற்பாடு கிடைத்துவிட்டானா என்று என்னைக் கேட்டார்.

அதை மச்சானிடம் தமிழில் சொன்னேன்.

“ஆமான்னு சொல்லிரு மாப்ள. எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காரு.”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எலும்பைக் கேட்டால் எதைக் காட்டுவது என்று பயம் வந்துவிட்டது. உண்மை வந்தது அந்தப் பயத்தில்தான். என்னை யோக்கியன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்லைக் காட்டி, என்னைக் காட்டி, ‘சேர்’ என்றேன். அவருக்குப் புரியவில்லை. முழங்காலை மடக்கி உட்காருவது போல நடித்துக் காட்டினேன். வருஷா வருஷம் எல்லோரையும் சிரிக்கவைத்த அதே நடிப்பு.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையை எடுத்தார். பொறவு திரும்பி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார். சாமி மேல் உட்காருகிறாரே என்று மச்சான் ஓரடி எடுத்து வைத்தார். நான் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அந்தக் கல் இடதுபக்கம் சாயும், பார்த்து உட்காருங்கள் என்று மட்டும் சொல்லத் தோன்றியது.

எழுந்தபோது அவர் கால்சட்டையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அடுத்த வருஷமும் ஏழு இலை. படைத்து முடிந்ததும் மச்சான் ஏழாவதை என் பக்கம் நகர்த்தி, “ஆறுது, சாப்பிடு மாப்ள” என்றார். பசியில்லை என்றேன்.

நல்ல பசி.